மீன் தொட்டியில் நத்தை பெருகிவிட்டதா? மலையக வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு அடித் தொட்டி ஒன்று இருக்கிறது, சமையலறை ஜன்னலோரம் செடிக்கென்று சின்னத் தொட்டி ஒன்று. பதினொரு வருடமாக நன்னீர் மீன் வளர்க்கிறேன். சொந்தக்காரர், பக்கத்து வீட்டார், தோட்டத்தில் கூடப் படித்தவர்கள் என்று யார் தொட்டி வைத்தாலும் மூன்று நான்கு மாதத்தில் ஒரு அழைப்பு வரும், "கண்ணாடி பூராவும் நத்தை, என்ன செய்றது?" என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். கொழும்புச் சூட்டில் சரிவரும் சில வழிகள் நம் குளிரிலும் நம் தண்ணீரிலும் சரிவராது, அதையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

நான் நத்தை வாங்கவே இல்லை. எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் செடியோடு. கடையில் வாங்கிய ஜாவா ஃபர்ன் இலையைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊறிய சவ்வரிசி மாதிரி ஒரு பசைத்துளி ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான் முட்டைக்கூடு. ஒரு நாள் அப்படி ஒன்றைப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். கண்ணாடி போன்ற பசைக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சின்ன உருண்டைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் கடுகில் பாதியளவு பழுப்புப் புள்ளி, அந்தப் புள்ளி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. முட்டைக்குள்ளேயே குஞ்சு சுழலும். அதைப் பார்த்தபிறகு எந்தச் செடியையும் நேரே தொட்டியில் நட்டதில்லை.

செடி தவிர, மீன் போட்டுக் கொடுக்கும் பையின் தண்ணீர், இன்னொருவர் தொட்டியில் பாவித்த வலை, இரவல் வாங்கிய பில்டர், இவையும் வழிதான். தோட்டப் பக்கம் இருப்பவர்கள் பீலித் தண்ணீரையோ ஓடைத் தண்ணீரையோ அப்படியே ஊற்றுவதுண்டு. அதில் குளோரின் இல்லை என்பது நல்லதுதான், ஆனால் சின்ன நத்தைக் குஞ்சு வரலாம். மெல்லிய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடித்து ஊற்றினால் போதும்.

என் தொட்டியில் இருப்பது எந்த நத்தை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் வீடுகளில் பார்ப்பது பெரும்பாலும் மூன்று வகை.

ப்ளாடர் நத்தை சின்னது, மெல்லிய ஓடு, பழுப்பில் மஞ்சள் புள்ளி. கூர்முனை மேலே இருக்கும்படி, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடித்தால் வாய் இடது பக்கம் வரும். மற்ற நத்தைகள் பெரும்பாலும் வலது பக்கம். அது வேகமாகவும் ஓடும், தண்ணீரின் மேற்பரப்பில் தலைகீழாகவும் மிதந்து போகும்.

ரம்ஸ்ஹோர்ன் தட்டையாகச் சுருண்ட ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி இருக்கும். பழுப்பு, சிவப்பு என்று நிறம் மாறும். சிவப்பாகத் தெரிவதற்குக் காரணம் அதன் இரத்தத்தில் நம்முடையதைப் போலவே ஹீமோகுளோபின் இருப்பது.

ட்ரம்பெட் நத்தை நீளமாக, திருகாணி மாதிரி கூர்மையாக இருக்கும். பகலில் மணலுக்குள் புதைந்து கிடக்கும், இரவில்தான் வெளியே வரும். "எங்கள் தொட்டியில் பத்துப் பதினைந்துதான்" என்று சொல்பவர்கள் இரவு பதினொரு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு டோர்ச் அடித்துப் பார்க்கட்டும். மணலே நகர்வது போலத் தெரியும்.

எந்த வகை என்று தெரியாமல் வேலையை ஆரம்பிக்காதீர்கள். ட்ரம்பெட்டுக்கும் மற்ற இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

ஒன்றே ஒன்றுதான் பார்த்தேன். அது எப்படி நூறானது?

ப்ளாடரும் ரம்ஸ்ஹோர்னும் ஒரே உடலில் ஆணும் பெண்ணும் சேர்ந்தவை. ப்ளாடர் நத்தைக்குத் துணை கிடைக்காவிட்டால் தன்னைத்தானே கருக்கட்டிக்கொண்டு முட்டை இடும். ட்ரம்பெட் இன்னும் ஒரு படி மேலே. அதில் பெரும்பாலும் பெண்தான், ஆண் துணை இல்லாமலே குட்டி போடும், முட்டை இடாது, குட்டிகள் தாயின் உடலுக்குள்ளேயே வளர்ந்து முழு ஓட்டோடு வெளியே வரும். அதனால் ட்ரம்பெட் இருக்கும் தொட்டியில் முட்டையைத் தேடிச் சுரண்டுவது வீண் வேலை.

நத்தை இருந்தால் மீனுக்குக் கெடுதலா?

இல்லை. இதை முதலிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பயத்தில் எடுக்கும் முடிவுகளால்தான் மீன் சாகிறது. இந்த மூன்று வகையும் நல்லாயிருக்கும் மீனைத் தொடாது. செத்த மீனின் மேல் மொய்த்திருப்பதைப் பார்த்துவிட்டு நத்தைதான் கொன்றது என்று பலர் நினைக்கிறார்கள். மீன் செத்த பிறகுதான் அவை வந்தன. அழுகிய இலை, பாசி, மிச்சத் தீன், இவைதான் அவற்றின் சாப்பாடு. ட்ரம்பெட் மணலைக் கிளறி விடுவதால் அடி மணல் கெட்டுப்போகாமல் இருக்கிறது. இருபது முப்பது நத்தை இருக்கும் தொட்டியில் நான் கை வைக்கவே மாட்டேன்.

கண்ணாடியை மறைக்கும் அளவுக்கு வந்தால், பில்டர் வாயை அடைத்தால், பார்க்கவே பிடிக்காமல் போனால், அப்போது குறைக்கலாம். வயல், குளம், ஓடையில் பிடித்த நத்தையை மட்டும் தொட்டியில் விடாதீர்கள். சில ஒட்டுண்ணிப் புழுக்கள் முதலில் நத்தையில் வளர்ந்துதான் மீனுக்குப் போகும்.

சரி, எதனால்தான் இவ்வளவு பெருகுகிறது?

தீன். வேறு காரணம் தேடிப் போகாதீர்கள், நூற்றுக்குத் தொண்ணூறு வீட்டில் இதுதான் விடை என்று அடித்துச் சொல்வேன். தொட்டிக்குள் எவ்வளவு சாப்பாடு மிஞ்சுகிறதோ அந்த அளவுக்குத்தான் நத்தை இருக்கும். மீதியைக் குறைக்காமல் நத்தையை மட்டும் பிடித்தால், மிஞ்சிய நத்தைகளுக்கு இன்னும் நல்ல சாப்பாடு கிடைத்து, ஒரு மாதத்தில் அதே எண்ணிக்கைக்கு வந்து நிற்கும்.

நம் பக்கம் இது இன்னும் மோசமாவதற்குக் காரணம் குளிர். கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868 மீற்றர். நுவரெலியாவில் வருடச் சராசரி வெப்பநிலையே 16 பாகை செல்சியஸ் அளவில்தான் இருக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் மீனின் உடல் மெதுவாகத்தான் வேலை செய்யும், சாப்பாடும் குறைவாகத்தான் வேண்டும். ஆனால் தீன் டப்பாவில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை போடு என்று எழுதியிருக்கும், அது சூடான தண்ணீருக்கு எழுதியது. ஹீட்டர் இல்லாத தொட்டியில் ஜனவரி மாதம் அந்தக் கணக்கில் போட்டால் பாதி கீழே போகும், கீழே போனது முழுவதும் நத்தைக்கு.

ஹீட்டர் இல்லாதவர்கள் ஒரு நாளைக்கு ஒரு தடவை, இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவு போட்டால் போதும். வாரத்தில் ஒரு நாள் ஒன்றுமே போடாதீர்கள், வளர்ந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பாண் துகளும் பிஸ்கட்டும் தொட்டிக்குள் போகும், எங்கள் வீட்டிலும் போனது. மகளுக்கு ஒரு சின்னப் போத்தல் மூடியைக் கொடுத்து, இதில் நான் எடுத்து வைப்பதை மட்டும் நீ போடலாம் என்று சொன்னேன். தீன் போடும் உரிமை அவளிடமே இருந்தது, அளவு என்னிடம். மூன்று மாதத்தில் ப்ளாடர் நத்தை கண்ணில் படுவதே குறைந்துவிட்டது, வேறு ஒன்றும் செய்யவில்லை.

அடுத்தது, அழுகும் இலைகளை வெட்டி எடுங்கள். வாரத்துக்கு ஒரு முறை குழாய் வைத்து அடிமணலிலிருந்து அழுக்கை உறிஞ்சி, நாலில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். குழாயில் வாய் வைத்து உறிஞ்சாதீர்கள், முழுக் குழாயிலும் தண்ணீர் நிரப்பி விரலால் அடைத்துக் கீழே இறக்கினால் தானாக ஓடும்.

கையால் பிடித்து முடிக்க முடியுமா?

முடியும், நான் அதைத்தான் சொல்வேன். நுவரெலியாப் பக்கம் இருப்பவர்களுக்குப் பொறிக்குச் செலவே இல்லை. கோவா இலை, சலாது இலை, ஒரு துண்டு வெள்ளரிக்காய், எதுவும் சரி. ஆனால் நன்றாகக் கழுவுங்கள், வெளி இலைகளை எடுத்துவிட்டு உள்ளிலையைப் பாவியுங்கள். மரக்கறித் தோட்டத்தில் அடித்த மருந்து இலையில் மிஞ்சியிருந்தால் நத்தைக்கு முன்னால் இறால் செத்துவிடும்.

உள்ளங்கையளவு கோவா இலையை ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்தால் துவண்டு போகும், அப்போதுதான் மூழ்கும், வாசமும் பரவும். ஒரு கூழாங்கல்லோடு நூலால் கட்டி, விளக்கு அணைத்த பிறகு தொட்டியின் முன்பக்க மூலையில் இறக்கி வையுங்கள். விடிவதற்கு முன் எடுக்க வேண்டும், வெளிச்சம் வந்தால் பாதி கலைந்துவிடும். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலை வேலைக்குப் பெயர் கொடுக்க, ஆட்கள் கிளம்பும் நேரத்துக்கே எழுந்து பழகியவன் நான், அந்த நேரம் சரியாக இருக்கும். முதல் நாள் இலையைத் தூக்கியபோது அடிப்பக்கம் பச்சையே தெரியவில்லை. ஓரம் முழுக்கச் சின்னச் சின்னப் பற்கள் பட்டது போல அரித்து, நரம்பு மட்டும் மிஞ்சி, ஒன்றன் மேல் ஒன்றாக நத்தை. சமையலறை மேசையில் கொட்டி எண்ணினேன், நூற்றி நாற்பத்தி மூன்று. இரண்டாம் நாள் தொண்ணூறு. ஒரு வாரம் விடாமல் செய்த பிறகு பத்துப் பதினைந்துக்கு வந்தது.

இலையைத் தூக்கும்போது மெதுவாகத் தூக்குங்கள், கீழே வலையை ஏந்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ட்ரம்பெட் நத்தைகள் உதிர்ந்து மணலுக்குள் போய்விடும். இலையைப் பகல் முழுவதும் தொட்டியில் விட்டு வைக்கவும் வேண்டாம், அழுகித் தண்ணீரைக் கெடுக்கும்.

கண்ணாடியிலேயே நசுக்கி மீனுக்குத் தீனாக விடலாமா?

ப்ளாடர், சின்ன ரம்ஸ்ஹோர்ன் என்றால் ஒன்றிரண்டு நசுக்கலாம், கப்பியும் பார்பும் ஓடி வந்து தின்னும். ஐம்பதை ஒரே நாளில் நசுக்காதீர்கள். தின்னாமல் மிஞ்சுவது அழுகும், அதுவும் மற்ற நத்தைக்குச் சாப்பாடுதான்.

நத்தை கொல்லும் மருந்து கடையில் இருக்கிறதே, அதைப் போட்டால் ஒரே நாளில் முடியாதா?

நத்தை முடியும். மீனும் முடியலாம். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். ஆறேழு வருடத்துக்கு முன் ஒரு கடையில் சின்னப் போத்தல் ஒன்று கொடுத்தார்கள், மீனுக்கு ஒன்றும் ஆகாது என்றார்கள். போத்தலில் போட்டிருந்த அளவுக்கு மேல் ஒரு துளி விடவில்லை. அடுத்த நாள் காலை மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கின, மத்தியானத்துக்குள் எட்டு மீன் போனது, அதில் நான்கு வருடம் வளர்த்த இரண்டும் அடக்கம். இன்றைக்கும் அந்தக் காலை நினைவுக்கு வந்தால் மனம் கனக்கிறது.

பிறகுதான் காரணத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த மருந்துகள் பலவற்றில் இருப்பது செம்பு. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருந்தால் அது செம்பின் வேகத்தைக் கட்டுப்படுத்தும். நம் மலைத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையான தண்ணீர், பாறை வழியே வரும் மழைத் தண்ணீர், அதில் அந்தச் சத்து மிகக் குறைவு. வேறு ஊரில் பாதுகாப்பான அதே அளவு செம்பு இங்கே மீனின் செவுளைத் தாக்கும். இறாலுக்குக் கேட்கவே வேண்டாம். செம்பு மணலிலும் பில்டர் பஞ்சிலும் ஒட்டிக்கொண்டு நிற்கும், பல மாதம் கழித்து இறால் வாங்கி விட்டாலும் காரணம் தெரியாமல் சாகும்.

இரண்டாவது ஆபத்து, செத்த நத்தைகள். நூற்றுக்கணக்கில் ஒரே இரவில் மணலுக்குள் செத்தால் நீங்கள் பொறுக்கி எடுக்க முடியாது, அவை அழுகி அமோனியா ஏறும். மருந்துக்குத் தப்பிய மீன் அமோனியாவில் போகும். ட்ரம்பெட் நத்தையோ வாயில் ஒரு மூடி வைத்திருக்கிறது, மருந்து வந்ததும் மூடிக்கொண்டு இருந்துவிட்டு, பிறகு திறந்துகொண்டு வரும்.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் உடனே பாதித் தண்ணீரை மாற்றுங்கள், பில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் வையுங்கள், செத்த நத்தைகளைக் குழாயால் உறிஞ்சி எடுங்கள், அடுத்த நாளும் தண்ணீர் மாற்றுங்கள். தொட்டித் தண்ணீரின் வெப்பநிலைக்குப் புதுத் தண்ணீர் வருகிறதா என்று கை வைத்துப் பார்த்து ஊற்றுங்கள்.

தேயிலைக்கு அடிக்கும் செம்பு மருந்தில் ஒரு சிட்டிகை போடலாமா?

இந்தக் கேள்வி தோட்டத்திலிருந்து இரண்டு பேர் கேட்டார்கள், அதனால் தனியாக எழுதுகிறேன். கூடவே கூடாது. இலங்கைத் தேயிலையில் கொப்புள நோய் 1946 அளவில் வந்தபிறகு செம்பு கலந்த பூஞ்சண மருந்து நம் மலைகளில் பழக்கமான பொருளாகிவிட்டது, அதனால் வீட்டில் கிடந்தால் எடுத்துப் பாவிக்கத் தோன்றும். ஐம்பது லீற்றர் தொட்டிக்குச் சிட்டிகை என்பது மிகப் பெரிய அளவு. ஒரு மீனும் மிஞ்சாது. அந்தத் தண்ணீரைக் கொட்டினால் கானில் இருக்கும் உயிர்களுக்கும் அதே கதி.

உப்பு போட்டால்?

ப்ளாடரும் ரம்ஸ்ஹோர்னும் சாகும் அளவுக்கு உப்புப் போட்டால் செடியும் போகும், பல மீன்களும் தாங்காது. ட்ரம்பெட் உப்புத் தண்ணீரையும் தாங்கி நிற்கும். விடுங்கள்.

நத்தை தின்னும் மீன் எது? நம் குளிருக்கு எது பொருந்தும்?

கடையில் முதலில் காட்டுவது க்ளவுன் லோச். அழகான மீன், நத்தையை உறிஞ்சித் தின்னும், உண்மைதான். ஆனால் அது சுமாத்திரா, போர்னியோ ஆறுகளின் மீன், 25 பாகைக்கு மேல் சூடு வேண்டும், கூட்டமாகத்தான் இருக்கும், வளர்ந்தால் ஒரு அடி வரும். இரண்டு அடித் தொட்டியில் அதை விடுவது அதற்குச் செய்யும் கொடுமை. நத்தைப் பிரச்சினையை மூன்று மாதத்தில் தீர்த்துவிட்டு, இருபது வருடம் வாழக்கூடிய பெரிய மீனை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பீர்கள்.

பட்டாணிப் பஃபர் என்ற குட்டி மீன் ஒன்று இருக்கிறது. கேரளத்து நீர்நிலைகளைச் சேர்ந்தது, ஒரு அங்குலம்தான் வரும், நத்தையென்றால் உயிர். சூடு வேண்டும், மற்ற மீன்களின் செட்டையைக் கடித்துக் கிழிக்கும். அதற்கென்றே தனித்தொட்டி வைத்து, மற்றத் தொட்டியில் பிடிக்கும் நத்தையை அங்கே போடுவதென்றால் நல்லது.

நுவரெலியா, கந்தப்பளை, நானுஓயா போன்ற இடங்களில் ஹீட்டர் இல்லாமல் வளர்ப்பவர்களுக்குத் தங்கமீன்தான் கைகொடுக்கும். குளிர் அதற்குப் பிடிக்கும். சின்ன நத்தையை வாய்க்குள் போட்டு நொறுக்கும், முட்டைக்கூட்டைச் சுரண்டித் தின்னும். தங்கமீன் இருக்கும் தொட்டியில் நத்தை தலையெடுத்து நான் பார்த்தது குறைவு. ஆனால் அதற்கு இடம் நிறைய வேண்டும், மெல்லிய செடிகளையும் மேய்ந்துவிடும், கப்பி, டெட்ரா போன்ற சிறு மீன்களோடு சேர்க்கக் கூடாது. நத்தைக்காக மட்டும் என்று எந்த மீனையும் வாங்காதீர்கள். அதை அதன் ஆயுள் முழுக்க வைத்திருக்க மனமிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

அசாசின் நத்தை பற்றிச் சொல்கிறார்களே?

மற்ற நத்தையை வேட்டையாடித் தின்னும் நத்தை. கறுப்பும் மஞ்சளும் வரிவரியாகத் தேனீயின் நிறத்தில் இருக்கும், தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது. மணலுக்குள் புதைந்தே போகும் என்பதால் ட்ரம்பெட்டையும் பிடிக்கும், அந்த ஒரு காரணத்துக்காகவே அதை நான் மதிக்கிறேன். ஆண், பெண் தனித்தனி, ஒவ்வொரு முட்டையாகத்தான் இடும், அதனால் மற்றவை போலக் கிடுகிடுவென்று பெருகாது.

ஆனால் சூடு வேண்டும். கண்டி, மாத்தளைப் பக்கம் சும்மா விட்டாலே வேலை செய்யும். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளையில் ஹீட்டர் வைத்து 24, 25 பாகைக்குக் கொண்டுவந்தால்தான் வேட்டையாடும், இல்லாவிட்டால் மணலுக்குள் படுத்தே கிடக்கும். என் தொட்டியில் ஐந்து விட்டேன். முதல் மாதம் ஒரு மாற்றமும் தெரியவில்லை, நான்காம் மாதம் மணல் மேல் வெறும் திருகு ஓடுகளாகக் கிடந்தன. கரண்ட் கட்டணத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். பிறகு அழகுக்காக வேறு நத்தை வளர்க்க ஆசைப்பட்டால் இது இருக்கும் தொட்டியில் முடியாது.

இன்னொன்று, மேல்பகுதிக் குளிரில் ஹீட்டர் இல்லாத தொட்டியில் ட்ரம்பெட் நத்தையே அதிகம் தலையெடுக்காது, 18 பாகைக்குக் கீழே அது சோர்ந்துவிடும். அங்கே நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ப்ளாடர் நத்தையாகத்தான் இருக்கும். அதற்குக் கோவா இலையும் அளவான தீனும் போதும்.

புதுச் செடியை எப்படிச் சுத்தம் செய்வது?

சீனாக்காரம்தான் எனக்குப் பிடித்த வழி. பலசரக்குக் கடையில் கிடைக்கும், மலிவு. பொடித்து நான்கு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி கரைத்து, செடியை இரண்டு மூன்று நாள் ஊற வையுங்கள், பிறகு நல்ல தண்ணீரில் பல முறை அலசுங்கள்.

அவசரம் என்றால் ப்ளீச். வாசமும் நிறமும் சேர்க்காத வெறும் ப்ளீச் ஒரு பங்குக்குப் பத்தொன்பது பங்கு தண்ணீர். அனுபியாஸ், ஜாவா ஃபர்ன் போன்ற தடித்த இலைச் செடியை ஒன்றரை நிமிடம், அதிகம் போனால் இரண்டு நிமிடம் முக்கி எடுத்து, ஓடும் தண்ணீரில் அலசி, குளோரின் போக்கும் மருந்து கூடுதலாகக் கலந்த வாளியில் போட்டு வையுங்கள். பாசிச் செடியையும் வலிஸ்னேரியாவையும் ப்ளீச்சில் போடாதீர்கள், கரைந்துவிடும். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், வேறு எந்தக் கழுவும் திரவத்தோடும் ப்ளீச்சைக் கலக்காதீர்கள்.

கொண்டிஸ் (பொட்டாசியம் பெர்மாங்கனேட்) கரைசலில் முக்குவதும் வழக்கம். அது நத்தையைக் கொல்லும், ஆனால் பசைக்குள் இருக்கும் முட்டை தப்பிவிடும். அதை மட்டும் நம்பாதீர்கள்.

எது செய்தாலும் ஒரு வாளியில் தனியாக நான்கு வாரம் வைத்துப் பாருங்கள். கண்டிச் சூட்டில் ஒன்றிரண்டு வாரத்தில் பொரிக்கும் முட்டை நம் குளிரில் இன்னும் தாமதமாகும், அதனால் நுவரெலியாவில் ஒன்றரை மாதம் வையுங்கள்.

நத்தை ஓடு வெள்ளை வெள்ளையாக அரித்துப் போகிறது. நத்தை சாகிறதா?

தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு, அவ்வளவுதான். மென்மையான, கொஞ்சம் புளிப்பான தண்ணீர் ஓட்டின் பழைய முனையைக் கரைக்கும். அதனாலேயே நம் பக்கம் நத்தை கொஞ்சம் மெதுவாகத்தான் வளர்கிறது. அழகுக்கென்று மாத்தளைப் பக்கத்து டொலமைட் கல்லையோ, கடற்சிப்பி, பவளத் துண்டையோ தொட்டிக்குள் வைத்திருந்தால் அவை மெல்லக் கரைந்து நத்தைக்கு ஓடு கட்டக் கொடுக்கும். நத்தையைக் குறைக்க நினைப்பவர்கள் அவற்றை வெளியே எடுத்துவிடுங்கள். கப்பி வளர்ப்பவர்களுக்குக் கொஞ்சம் கடினமான தண்ணீர்தான் நல்லது, அவர்கள் நத்தைக்காக மீனின் வசதியைக் கெடுக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிப் புதிதாக ஆரம்பித்தால்?

கடைசி வழி. பில்டரிலும் மணலிலும் இருக்கும் நல்ல பக்டீரியா முழுக்கப் போய்விடும், புதுத் தொட்டி போல மறுபடி பல வாரம் காத்திருக்க வேண்டும். அப்படியும் செய்வதென்றால் மணலைப் பானையில் போட்டுக் கொதிக்க வையுங்கள். வெயிலில் காயப்போட்டால் போதும் என்று எழுதுவார்கள், ஹட்டனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் துணியே காயாது, மூடி போட்டுக்கொண்ட ட்ரம்பெட் ஈரமணலில் பல நாள் உயிரோடிருக்கும். கண்ணாடித் தொட்டிக்குள் கொதிநீர் ஊற்றாதீர்கள், வெடிக்கும்.

பகலிலேயே எல்லா நத்தையும் மேலே ஏறி நிற்கிறது, ஏன்?

உடனே கவனிக்க வேண்டிய விடயம் இது. ப்ளாடரும் ரம்ஸ்ஹோர்னும் காற்றைச் சுவாசிப்பவை, அவை மேலே வருவது வழக்கம். ட்ரம்பெட்டுக்குச் செவுள், அது தண்ணீருக்குள்தான் மூச்சு விடும். பகல் வெளிச்சத்தில் ட்ரம்பெட் கூட்டமாகக் கண்ணாடி ஏறினால் கீழே ஒட்சிசன் குறைந்துவிட்டது, அல்லது தண்ணீர் கெட்டுவிட்டது என்று அர்த்தம். ஒரு முறை இரவு முழுக்கக் கரண்ட் இல்லாமல் பில்டர் நின்ற மறுநாள் காலையில் இதைப் பார்த்துத்தான் தண்ணீர் மாற்றினேன். மீன்கள் அப்போது வாடத் தொடங்கியிருக்கவில்லை. ஒன்றும் விடாமல் நத்தையை ஒழிக்க நான் விரும்பாததற்கு அது ஒரு காரணம்.

எத்தனை நாளில் பலன் தெரியும்?

இலைப் பொறியில் ஒரே வாரத்தில் கண்ணாடி சுத்தமாகத் தெரியும். ஆனால் முட்டைகள் பொரித்துக்கொண்டே இருக்கும், அதனால் முதல் மாதம் வாரம் இரண்டு முறை, அப்புறம் வாரம் ஒரு முறை பொறி வையுங்கள். தீன் அளவைப் பிடித்துக்கொண்டால் மூன்று மாதத்தில் அடங்கும்.

பிடித்த நத்தையை எங்கே போடுவது?

ஓடையில் போடாதீர்கள், கானில் போடாதீர்கள், கழிவறையிலும் ஊற்றாதீர்கள். ஹட்டனைச் சுற்றிக் கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் களனிக்குப் போகின்றன, கொத்மலை ஓயா மகாவலிக்குப் போகிறது. நம் வீட்டு வாளியிலிருந்து போனது எங்கே போய்ச் சேரும் என்று யோசித்துப் பாருங்கள். நம் நாட்டு ஓடைகளில் பாலுடோமஸ் என்ற நத்தை இனங்கள் கல்லைப் பிடித்துக்கொண்டு வாழ்கின்றன, அவற்றில் பல இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. தொட்டி நத்தை அங்கே போய்ப் பெருகினால் அவற்றின் இடமும் சாப்பாடும் போகும். அழகுக்கு வளர்த்த நத்தையானாலும் அசாசின் நத்தையானாலும், தேவையில்லை என்று ஆனபிறகு இன்னொரு தொட்டிக்காரரிடம் கொடுங்கள், ஆற்றில் விடாதீர்கள்.

நான் செய்வது, ஒரு பழைய கோப்பையில் போட்டுக் கொதிநீர் ஊற்றுவேன், நொடியில் முடிந்துவிடும். ஆறியதும் கல்லால் நசுக்கி ரோஜாச் சாடியின் மண்ணுக்குள் இரண்டு அங்குலம் ஆழத்தில் புதைப்பேன். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரும் அதே சாடிகளுக்குத்தான்.